சமாதானத்துக்கு இருவர் வேண்டும்

மனச் சாந்தி வேண்டும் என்று சொல்லாதவர் இன்று யார்? தேவை எங்கே இருக்கிறதோ அங்கே கடை முளைப்பது உலக வழக்கம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வருகிறவர்கள் அந்தக் கடைகளைக் கண்ணாரக் காணலாம். அலையோசை கேட்கும் அறை, விடியற்காலை யோகம், மாலையில் தியானம், நடுவே எண்ணெய் தேய்த்து ஒரு குளியல். இரண்டு நாள் சாந்திக்கு ஒரு விலை, மூன்று நாள் சாந்திக்கு வேறு விலை. அவ்வளவு தூரம் போக வசதி இல்லாதவர்களுக்குச் செல்பேசியிலேயே ஒரு குரல், மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடச் சொல்லிக்கொடுக்கிறது.

இதிலே குற்றம் காண ஒன்றும் இல்லை. உழைத்துக் களைத்தவன் கடற்காற்று வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் விலை கொடுத்து வாங்கிய அந்தச் சாந்தி, திரும்பி வரும்போது திருவான்மியூர் சிக்னலில் நான்கு ஹாரன் சத்தத்திலேயே கரைந்துபோகிறதே, அதுதான் பரிதாபம்.

மதத்தின் பெயராலும் இந்தச் சரக்கு விற்பனையாகிறது. கிறிஸ்தவ மேடைகளும் விலக்கல்ல. பெரிய பந்தல், பெரிய ஒலிபெருக்கி, "கண்ணை மூடுங்கள், கவலையை இறக்கி வையுங்கள்" என்ற அழைப்பு. வந்தவர் அழுகிறார், மனம் இலேசாகிறது, வீட்டுக்குப் போகிறார். மறுநாள் கடன்காரன் அதே வாசலில் நிற்கிறான். பேச்சு வார்த்தை அற்றுப்போன தம்பி அதே அடுத்த வீட்டில் இருக்கிறான். கிறிஸ்தவ விசுவாசம் தருவதாகச் சொல்லும் மன அமைதி இவ்வளவுதானா?

இவ்வளவு அல்ல என்பதற்குச் செங்கல்பட்டுச் சீமையிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. அதைக் காண மாமல்லபுரத்துக் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போகவேண்டும்.

ஒரு சொல்லின் பொருள்

புறப்படுமுன் மாமல்லபுரத்துப் பாறையை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பல்லவர் காலத்துச் சிற்பி செதுக்கிய அந்தப் பெரும் பாறையிலே, விலா எலும்பு தெரிய, ஒற்றைக் காலில், கைகளை உயர்த்தி ஒருவர் தவம் செய்கிறார். அர்ச்சுனன் என்பார் சிலர், பகீரதன் என்பார் சிலர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. உலகத்தை உதறிவிட்டுத் தனியே நின்று தேடும் சாந்திக்கு அதைவிடச் சிறந்த படம் கிடையாது. ஆனால் சிற்பி குறும்புக்காரர். அதே பாறையின் கீழ்ப்பக்கம் ஒரு பூனையையும் அதே கோலத்தில் நிறுத்தியிருக்கிறார். முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு அதுவும் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். தவத்துக்கும் வேஷத்துக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் இல்லை என்பதை 1,300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கல்லில் சொல்லிவிட்டார்.

கிறிஸ்தவர்களின் பழைய தமிழ் வேதாகமம் மன அமைதிக்கு எடுத்துக்கொண்ட சொல் வேறு. சாந்தி என்று அது சொல்லவில்லை. சமாதானம் என்று சொல்லிற்று. பின்னால் வந்த மொழிபெயர்ப்புகளில் "அமைதி" புகுந்துவிட்டது. அழகான சொல்தான். ஆனாலும் பழைய சொல்லில் இருந்த ஒரு காரம் அதில் இல்லை.

ஊரில் சமாதானம் என்ற சொல் எப்போது வாயில் வருகிறது? வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் அரிவாளைத் தூக்கியபோது ஊர்ப் பெரியவர் குறுக்கே விழுந்து, "போனது போகட்டும், சமாதானமாப் போங்கப்பா" என்கிறார். அழுகிற குழந்தையைத் தாய் சமாதானப்படுத்துகிறாள். தாமதமாக வந்தவன் ஏதோ ஒரு சமாதானம் சொல்கிறான். எங்கே பார்த்தாலும் அந்தச் சொல்லுக்கு ஆள் இருவர் வேண்டும். ஒருவன் தனியாக இருந்துகொண்டு நிம்மதியாக இருக்கலாம், சும்மா இருக்கலாம், தூங்கவும் செய்யலாம். சமாதானம் மட்டும் ஆகமுடியாது.

கிறிஸ்தவப் போதனையின் அடிப்படையும் அதுதான். மனிதன் கடவுளோடு பிணங்கிப் போனவன். அந்தப் பிணக்கைத் தீர்க்க நடுவில் வந்தவர் கிறிஸ்து என்பது அவர்கள் நம்பிக்கை. அதன் தொடர்ச்சியாக இன்னொன்றும் உண்டு. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த பிறகு, சகோதரனுக்கு உன் மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறது மலைப்பிரசங்கம். கோவிலுக்குள் வந்தவனை வெளியே அனுப்பும் உபதேசம் இது! கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும் பந்தல்காரர்கள் இந்தப் பகுதியை அதிகம் எடுத்துப் பேசுவதில்லை.

திருமணி

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் செங்கல்பட்டில் கொண்டுபோய் விடும். வழியில் தெரியும் வேதகிரி மலைக்கு உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சோறு உண்டு போகும் என்று ஒரு காலத்தில் கூட்டம் கூடும். கழுகுகள் வருவது நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. செங்கல்பட்டை அடுத்தது திருமணி. 1924ஆம் ஆண்டு இங்கே ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. கவர்னர் மனைவியின் பெயரால் லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம் என்று பெயர். அரசாங்கத்தின் உதவியோடு ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்தவர்கள் நடத்தினார்கள். 1955இல் மத்திய அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. மத்திய தொழுநோய்ப் போதனை, ஆராய்ச்சி நிலையம் என்று அது பெயர் மாறியது அப்போதுதான்.

அந்த நாளில் தொழுநோய் என்றால் என்ன என்பதை இன்றைய இளைஞர்களுக்கு விளக்குவது கடினம். பெருவியாதி என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நோய் தெரிந்ததும் பெண்டாட்டி போவாள், அல்லது பெண்டாட்டியை அவள் பிறந்தகத்தில் விட்டுவிடுவார்கள். தட்டு தனி, திண்ணை தனி, பிறகு ஊரே தனி. பூர்வ ஜன்ம பாவம் என்று ஒரு தீர்ப்பு வேறு. தெருவில் திரியும் ஏழை நோயாளியைப் பிடித்து அடைத்துவைக்க 1898இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். உடம்பில் நோய் இருந்தாலும் கூட வலி இல்லை. தொட்டாலும் சுட்டாலும் தெரியாது. வலியெல்லாம் மனத்தில்தான்.

இப்படிப்பட்டவனிடம் போய், "அமைதியாக இரு, ஆண்டவரை நம்பு" என்று ஒருவர் தூர நின்று சொல்லிவிட்டுப் போனால் அது ஆறுதலா, அவமதிப்பா?

1935இல் திருமணியின் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். சீனாவில் மிஷனரி வைத்தியருக்குப் பிறந்தவர், தோல் நோய் நிபுணர், ஆழ்ந்த பக்திமான். அவர் வந்தபோது கையில் இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய்தான். நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த அந்த எண்ணெயை ஊசியில் ஏற்றிப் போடுவார்கள். பல ஆண்டுகள் குத்திக்கொள்ளவேண்டும், குணம் நிச்சயமில்லை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த காலத்தில் சல்போன் மருந்துகள் வந்தன. அந்த வகையில் விலை மலிவான டாப்சோனை இந்திய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதில் முன்னின்றவர் காக்ரேன். கிருமியை அடக்க வழி பிறந்தது. ஆனால் மடங்கிப்போன விரலுக்கு மருந்து ஏது?

ஒரு கைகுலுக்கல்

1947ஆம் ஆண்டு. காக்ரேனுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பொறுப்பும் அப்போது இருந்தது. அங்கே எலும்பு அறுவை வைத்தியராகச் சேர்ந்திருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் அதே மலையில் ஊழியம் செய்து 1929இல் காய்ச்சலில் இறந்தவர். காக்ரேன் இந்த இளம் டாக்டரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துவந்தார்.

நோயாளிகளின் கைகளைப் பார்த்த பிராண்ட், இவை ஏன் இப்படி நகம்போல் வளைந்து நிற்கின்றன என்று கேட்டார். தோல் வைத்தியரான காக்ரேன் அதை எலும்பு வைத்தியர் அல்லவா சொல்லவேண்டும் என்று திருப்பிவிட்டார். இத்தனை லட்சம் பேரை முடமாக்கும் நோயை எலும்பு வைத்தியர்கள் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை என்பது அவருடைய ஆதங்கம். பிராண்ட் ஒரு நோயாளியின் பக்கம் போய், வளைந்த அந்தக் கையில் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை என்றுதான் நினைத்திருந்தார். பிடி இரும்புப் பிடியாக இருந்தது! வைத்தியருக்கு வலி பொறுக்கவில்லை. நோயாளிக்கோ, தான் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த வலியில்தான் ஒரு புதிய வைத்தியமே பிறந்தது. கை முழுவதும் சாகவில்லை. சில நரம்புகள் கெட்டு, சில தசைகள் மட்டும் வேலை நிறுத்தியிருக்கின்றன. மற்றவை திடமாக இருக்கின்றன. பிறகு செங்கல்பட்டு நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, கெட்ட தசைகள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதும் தெரிந்தது. அப்படியானால் நல்ல தசையின் நாணைத் திருப்பி, செயலற்ற விரலுக்குக் கட்டிவிடலாம் அல்லவா? வேலூரில் அந்த அறுவையைச் செய்து பார்த்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. பென்சிலைப் பிடித்தன. சோற்றைப் பிசைந்தன.

இன்னொன்றும் பிராண்ட் கண்டறிந்தார். விரல்களைத் தின்பது நோய் அல்ல. வலி தெரியாதவன் சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறான், ஆணியை மிதிக்கிறான். புண் புரையோடி விரல் தேய்கிறது. சிலருக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. காவல் இருந்து பார்த்தார்கள். எலி கடித்துவிட்டுப் போகிறது, தூங்குகிறவனுக்குத் தெரியவில்லை! அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். மாமல்லபுரத்துப் பூனைக்கு இவை எவ்வளவோ மேல்.

கை நிமிர்ந்தால் மனம் நிமிர்ந்துவிடுமா? குணமாகிப் போன ஒருவன் சோர்ந்து திரும்பி வந்தானாம். கை நன்றாகிவிட்டதால் பிச்சை போட ஆள் இல்லை. நோயாளி என்று தெரிவதால் வேலை கொடுக்கவும் ஆள் இல்லை. நல்ல கையை வைத்துக்கொண்டு அவன் பட்டினி கிடந்தான். அந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் வேலூரில் 1951இல் ஒரு வாழ்வு மையம் அமைந்தது. நோயாளிகள் அங்கே தங்கித் தச்சுவேலை போன்ற தொழில் கற்றார்கள்.

நோயாளிகளின் ஜெபக்கூட்டம் ஒன்றில் பேசும்படி ஒரு நாள் பிராண்டைக் கேட்டார்கள். பின்னாளில் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய நூலில் அவர் அதை விவரித்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் கைகளைத் துணிக்கடியிலும் உடம்புக்கடியிலும் மறைத்துக்கொண்டிருந்தார்கள். கை வைத்தியர் அல்லவா, கையைப் பற்றியே பேசினார். கிறிஸ்துவின் குழந்தைக் கை, உளி பிடித்துக் காய்ப்பேறிய தச்சன் கை, நோயாளிகளைத் தொட்ட கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சிலுவையில் ஆணி அறைந்ததும் நரம்பு அறுபட்டு அந்தக் கையும் இவர்களுடைய கையைப் போலத்தானே வளைந்திருக்கும் என்றார். உயிர்த்தெழுந்த பிறகும் அந்த வடு மறையவில்லை என்பதையும் சொன்னார். கூட்டம் முடியும்போது நோயாளிகள் கைகூப்பினார்கள். மறைத்துவைத்திருந்த அதே கைகள், விரல் இல்லாத கைகள், எல்லாரும் பார்க்க உயர்ந்தன.

கிறிஸ்தவ நம்பிக்கை தரும் மன அமைதி எது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. நோய் போய்விடவில்லை, விரல் முளைக்கவில்லை. ஆனால் ஒளிக்கவேண்டிய தேவை போய்விட்டது. அந்தப் பேச்சை யாரோ ஓர் உபதேசியார் மேடையில் நின்று பேசியிருந்தால் இந்தப் பலன் கிட்டியிருக்குமா என்பது சந்தேகமே. அந்தக் கைகளை ஏற்கெனவே தம் கையில் ஏந்தியவர் பேசினார். அதனால் நம்பினார்கள்.

யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரமும் இதே வழியில்தான் போகிறது. பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சீடர்களின் நடுவே உயிர்த்தெழுந்த இயேசு வந்து நின்று சமாதானம் கூறுகிறார். கூறிய உடனே தம் கைகளைக் காட்டுகிறார், காயம்பட்ட கைகளை.

பிராண்ட் நோயாளியின் கையைக் குலுக்கிய அதே 1947இல், செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அந்தச் சபை வகுத்துக்கொண்ட நற்கருணை ஆராதனையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. குருவானவர் சமாதானத்தைக் கைக்குள் கை வைத்துக் கொடுக்கிறார். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்கிறார். அப்படியே பெஞ்சு பெஞ்சாகக் கடைசி ஆள் வரை போகிறது. தனக்கென்று வைத்துக்கொள்ள வழி இல்லை. செங்கல்பட்டுக் கோவில்களில் பல பேர் அதைச் சடங்காகவே செய்துவிட்டு, முன்னாலிருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

பக்தனும் கலங்கிய இரவு

விசுவாசம் உள்ளவனுக்குக் கலக்கமே வராது என்று பிரசங்கம் செய்கிறவர்கள் பிராண்டின் வாழ்க்கையில் இன்னொரு பக்கத்தையும் படிக்கவேண்டும். 1950களில் ஒரு முறை அமெரிக்காவிலிருந்து கப்பலில் லண்டன் திரும்பியிருந்தார். நெடும் பிரயாணம், காய்ச்சல் வேறு. இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததுபோலத் தோன்றிற்று. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. நோய் தொற்றிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டார். தொழுநோய் பயப்படவேண்டிய நோய் அல்ல என்று உலகமெல்லாம் சொல்லி வந்தவர் அன்று இரவு முழுவதும் படுக்கையில் புரண்டார். மனைவி மக்களை விட்டு ஒதுங்கவேண்டுமே, தம்மை நம்பி வேலைக்கு வந்தவர்கள் ஓடிவிடுவார்களே என்றெல்லாம் எண்ணம் ஓடிற்று. விடிந்ததும் மறுபடி குத்திப் பார்த்தார். சுரீர் என்று வலித்தது! நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் கால் மரத்திருந்திருக்கிறது, அவ்வளவுதான். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னவர் அவர். வலி ஒரு வரம் என்று பிற்காலத்தில் ஒரு புத்தகமே எழுதினார்.

அந்த இரவில் அவருக்கு அமைதி இல்லை. அதனால் அவருடைய விசுவாசம் பொய்யாகிவிட்டதா? இல்லை. தம் நோயாளிகள் ஒவ்வொரு இரவும் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் அவர் உள்ளிருந்து பார்த்தார். கலங்குகிறவனைப் பார்த்து, உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்வதைப் போல ஈவிரக்கமற்ற பேச்சு வேறில்லை. மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்பவர்கள் அதைவிட மோசம். மனநோயாளிகளின் வீட்டாரிடம் இப்படிச் சொல்லிக் கெடுத்தவர்கள் உண்டு. காக்ரேன் ஜெபம் செய்தார், ஊசியும் போட்டார்.

மதம் மாறாத மனிதர்

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். மிஷனரிகள் செய்த வைத்தியம் ஆள் சேர்க்கத்தானே? அப்படிக் கணக்குப் பார்த்த மிஷனரிகள் இல்லாமலில்லை. காந்தியடிகளே அதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஆனால் காக்ரேன் விஷயத்தில் ஒரு சாட்சி இருக்கிறார்.

டி. என். ஜகதீசன், ஆங்கிலப் பேராசிரியர். மகாகனம் ஸ்ரீனிவாச சாஸ்திரியாரின் அன்புக்குரியவர். சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டவர். இளமையிலேயே தொழுநோய் கண்டு, அதை மறைத்து மறைத்து வாழ்ந்தவர். காக்ரேனிடம் வந்தார்; சிகிச்சை பெற்றார்; சிகிச்சையோடு சிநேகமும் பெற்றார். வேலையை விட்டுவிட்டுத் தொழுநோயாளிகளுக்காகவே எஞ்சிய வாழ்நாளைக் கொடுத்தார். விழுப்புரத்தை அடுத்த மழவந்தாங்கலில் கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையம் எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அரசாங்கம் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அவர் இந்துவாகவே இருந்தார். அவரை மாற்றவேண்டும் என்று காக்ரேனுக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை. தம் சுயசரிதைக்கு ஜகதீசன் இட்ட ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால், "தொழுநோயின் வழியே நிறைவு" என்று வரும். நோயிலிருந்து விடுதலை என்று கூட அவர் பெயர் வைக்கவில்லை!

ஒரு கிறிஸ்தவரின் நம்பிக்கை, மதம் மாறாத ஓர் இந்துவின் மனத்தில் அமைதியாகப் பலித்தது. இதைக் கேட்டுக் கிறிஸ்தவர்களில் சிலர் முகம் சுளிக்கலாம், இந்துக்களில் சிலரும் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

கோவளத்துக் கல்லறை

மறுபடி கடற்கரைக்கு வந்தால், மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம். ஒரே ஊரில் கைலாசநாதர் கோவில், தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா தேவாலயம் மூன்றும் உண்டு. தேவாலயம் 1808இல் ஜான் டிமாண்டி கட்டியது. போர்த்துகீசிய வம்சத்து வியாபாரி. சென்னையின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஒரே மகன் கிறிஸ்டோபர் 1816இல் இறந்துபோனான். மனைவிக்குச் சித்தம் கலங்கிற்று. 1821இல் டிமாண்டியும் கண்ணை மூடினார். சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்துவிட்டு, தாம் கட்டிய கோவளத்துக் கோவிலிலேயே அடக்கமானார்.

சென்னை ஆழ்வார்பேட்டையில் அவர் பெயரால் ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே பேய் உலாவுகிறது என்று ஒரு கதை கட்டினார்கள். 2015இல் அதே பெயரில் திகில் படமும் வந்து சக்கைப்போடு போட்டது. பிள்ளையை இழந்து, மனைவி பித்தான பிறகும் கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டுப் போன மனிதரை ஊர் பேயாக்கிவிட்டது. துக்கம் தாங்கியவனைவிடத் துர்மரணம் அடைந்தவன்தான் கதைக்கு ருசி போலிருக்கிறது.

டிமாண்டிக்கு மன அமைதி கிடைத்ததா? அதை அவர் எழுதிவைக்கவில்லை. கோவில் கட்டியது துயரத்துக்கு எட்டு ஆண்டு முந்தியது. ஆகவே துயரம் தீரக் கோவில் கட்டினார் என்று சொல்ல இடமில்லை. இடி விழுந்தபோது போய் நிற்க ஓர் இடம் முன்பே இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். கோவளத்து மீனவர்களுக்கும் அது பொருந்தும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்தக் கடற்கரை நெடுகிலும் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. முந்தின நாள் ஆராதனையில் சமாதானம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் அலை வித்தியாசம் பார்க்கவில்லை.

இரண்டு கல்லறைத் தோட்டம்

இவ்வளவும் சொன்ன பிறகு, திருச்சபையிடம் ஒன்றைக் கேட்காமல் விடமுடியாது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களுக்கே சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நடுவே சுவர் எழுப்பிய இடமும் உண்டு. 2008இல் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிச் சண்டை மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். தொழுநோயாளியின் கையைத் தொட்டவர்களின் சபையில், அடுத்த தெருக்காரனின் பாடையைத் தொடாதவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பாதிரியார் ஞாயிறுதோறும் சமாதானம் கூறுகிறார். அவர்கள் நெஞ்சில் அமைதி இருக்கிறது என்று அவர்களே சொல்லவும் கூடும். மாமல்லபுரத்துச் சிற்பி பார்த்தால் அவர்களை எந்தப் பக்கத்தில் செதுக்குவார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் கூடத் தாமதமாகவேனும் கற்றுக்கொண்டது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் ரத்தாயிற்று. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019இல் நீங்கியது. 1980களிலிருந்து வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் நோய் பூரணமாகக் குணமாகிறது. 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் போதும். முதல் வேளை மருந்து உள்ளே போன சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் பயம் போய்விடுகிறது. தேசம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டிவிட்டதாக இந்தியா 2005 இறுதியில் அறிவித்தது. ஆயினும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்குப் பந்தியில் இலை போடத் தயங்கும் வீடுகளும் இருந்துகொண்டுதான் இருக்கின்றன.

தோலில் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல் தோன்றி, அந்த இடத்தில் கிள்ளினால் தெரியாமல் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும். சோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. தனியாக அனுப்பாமல் வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போவது நல்லது.